முதல் கோணல், முற்றும் கோணல்!
வீட்டுப் பட்டறையில் மின்சாரக் கருவிகளை மட்டம் பார்ப்பது எப்படி?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இது பழமொழி.

மரவேலையில் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஆடத் தெரிந்தவளாகவே இருக்கட்டும். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் அவள் என்ன செய்வாள்?

கையில் நல்ல தேக்கு இருக்கிறது. ரம்பம் புதிது. வேலை செய்கிறவரும் கெட்டிக்காரர். ஆனால் செய்து முடித்த ஸ்டூல் நான்கு காலில் நிற்காமல் மூன்று காலில் நிற்கிறது! மேஜை இழுப்பறை ஒரு பக்கம் உரசுகிறது. படச்சட்டத்தின் மூன்று மூலைகள் ஒட்டுகின்றன. நான்காவது மூலை வாயைப் பிளக்கிறது.

குற்றம் யாருடையது? கையினுடையது அல்ல. மரத்தினுடையதும் அல்ல. மின்சார ரம்பம் மேஜையில் நேராக நிற்கவில்லை. அவ்வளவுதான்!

கோணல் ரம்பம் மரத்தை மட்டும் கெடுப்பதில்லை. விரலையும் கேட்கும். ஆகவே வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மாங்காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவே இருக்கிறது மாங்காடு. மா மரங்கள் நிறைந்த காடு என்பதால் வந்த பெயர். இன்று காடு இல்லை, வீடுகள்தான் இருக்கின்றன. 2021-ல் பேரூராட்சி நகராட்சியாகவே ஆகிவிட்டது.

இந்த வட்டாரத்தைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். 1955-ல் பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து 1965-ல் "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது.

இந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஏராளம். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை அளந்து பழகிய கைகள் அவை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைகள் சும்மா இருக்குமா? மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம்; ஒரு மோட்டார்; பேரக் குழந்தைக்கு ஒரு நடைவண்டி! இப்படித்தான் வீட்டுப் பட்டறை பிறக்கிறது.

மாங்காட்டுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. காமாட்சி அம்மன் கோவிலில் உள்ள அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்தது என்பது ஐதிகம். ஸ்ரீசக்கரத்தில் ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்கள் உண்டாகின்றன. அதை வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கோடு மயிரிழை விலகினாலும், மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூட வேண்டிய இடத்தில் கூடாது. பிழை ஓரிடத்தில் தொடங்கி எல்லா இடத்திலும் தலைகாட்டும்.

மரவேலையும் அதே கதைதான். ஒரு படச்சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் பாகை பிழை என்றால், கடைசி மூலையில் இரண்டு பாகை இடைவெளி! ஒரு பாகைப் பிழை என்பது 600 மில்லிமீட்டர் நீளமுள்ள பலகையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும்.

ஒரு மோட்டார், பல கருவிகள்

வட்ட ரம்பம் புதிய சரக்கு அல்ல. 1777-லேயே சாமுவேல் மில்லர் என்பவர் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்போதெல்லாம் ரம்பத்தைச் சுழற்றக் காற்றாலையோ, நீர்ச்சக்கரமோ வேண்டும். சாதாரணக் குடித்தனக்காரர் வீட்டில் அதற்கு ஏது இடம்?

மின்சாரம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1917-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த பிளாக், டெக்கர் என்ற இரு கூட்டாளிகள் துப்பாக்கிப் பிடியும் விசையும் உள்ள கைத்துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1947-ல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் "ஷாப்ஸ்மித்" என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஒரே மோட்டாரில் ரம்பம், கடைசல், நிமிர்ந்த துளை, படுக்கைத் துளை, உப்புத்தாள் தட்டு என்று ஐந்து வேலை! சின்ன வீட்டில் பெரிய பட்டறை!

நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. நடுவில் இழைப்பு உருளை, ஒரு முனையில் வட்ட ரம்பம், மறுமுனையில் துளை போடும் சக். எல்லாம் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில்.

சௌகரியம்தான். ஆனால் ஓர் ஆபத்தும் கூடவே இருக்கிறது. நீங்கள் பலகையை இழைத்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் ரம்பமும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்! ஆகவே வேலை இல்லாத கருவியைக் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் ரம்பம் மேஜைக்கு அடியில் முழுவதும் மறையும்படி செய்து, மேலே மூடி போடுங்கள்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது

மட்டம் பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பக்கத்து அறையில் இருந்து யாராவது, "அப்பா, சுவிட்ச் போடட்டுமா?" என்று கேட்காமலே போட்டுவிட்டால்?

மூன்று முள் பிளக்கும், சரியான எர்த்தும் கட்டாயம் தேவை. மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சையும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். நீளமான, மெல்லிய ஒயரில் மோட்டாரை ஓட்டாதீர்கள். மின்னழுத்தம் குறையும், மோட்டார் சூடாகும், சுருள் கருகும்.

அமெரிக்காவில் இருந்து பிள்ளைகள் கருவி வாங்கி அனுப்புவது இந்தக் காலத்தில் சகஜம். அங்கே 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். நேரே சொருகினால் புகைதான் மிச்சம்! வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இன்னொரு விஷயம்: அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. கார்பன் பிரஷ் உள்ள கைக்கருவிகளுக்கு இதனால் பாதகம் இல்லை. ஆனால் நிலையாக நிற்கும் பெரிய இயந்திரங்களின் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும்.

கப்பியும் பெல்ட்டும்

இயந்திரம் தரையில் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆடினால் காலுக்கு அடியில் தகடு முட்டுக் கொடுங்கள். ஆடும் இயந்திரத்தில் செய்த எந்த அளவும் நிற்காது.

அடுத்தது பெல்ட். மோட்டார் கப்பியும் தண்டின் கப்பியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஒரு நூல் போதும்! இரண்டு கப்பிகளின் பக்கவாட்டிலும் படும்படி நூலை இழுத்துப் பிடியுங்கள். ஒரே தடிமனுள்ள கப்பிகளானால், ஒவ்வொரு கப்பியிலும் இரண்டு விளிம்பாக மொத்தம் நான்கு இடத்தில் நூல் தொட வேண்டும். மூன்றில் தொட்டு ஒன்றில் விலகினால் மோட்டாரை நகர்த்துங்கள்.

பெல்ட்டை வீணைத் தந்தி போல முறுக்கவும் கூடாது. கொடிக்கயிறு போலத் தொங்க விடவும் கூடாது. கப்பிகளின் மையங்களுக்கு இடையே 16 அங்குலம் இருந்தால், கட்டை விரலால் நடுவில் அழுத்தும்போது பெல்ட் கால் அங்குலம் இறங்கலாம். தச்சர் கணக்கில் சொன்னால் இரண்டு நூல்.

கப்பியின் அளவில்தான் வேகம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 6 அங்குலக் கப்பி, தண்டில் 3 அங்குலக் கப்பி என்றால் ரம்பம் 2,880 சுற்று சுற்றும். கப்பிகளை மாற்றிப் போட்டால் 720 சுற்றுதான்! ரம்பத்தின் மேலேயே அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டவே கூடாது.

மூலைமட்டத்துக்கு ஒரு பரீட்சை

அளக்கும் கருவியே கோணலாக இருந்தால்? முதலில் அதைச் சோதிக்க வேண்டும்.

நேரான விளிம்புள்ள ஒரு பலகை எடுங்கள். மூலைமட்டத்தை வைத்து மெல்லிய கோடு போடுங்கள். பிறகு மூலைமட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியில் இருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாக விழுந்தால் மட்டம் யோக்கியமானது. "V" போலப் பிரிந்தால், பிரிவில் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை.

இன்னொரு அளவுகோல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சாதாரண எழுதும் காகிதம்! 500 தாள் கொண்ட கட்டு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தடிமன். அப்படியானால் ஒரு தாள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆலையில் பீலர் கேஜ் பிடித்துப் பழகியவர்களுக்கு அது இல்லாத நேரத்தில் இந்தக் காகிதமே கைகொடுக்கும். காலியான குளிர்பான டப்பாவின் தகடும் ஏறக்குறைய அதே தடிமன்தான். முட்டுக் கொடுக்க அதை வெட்டிக்கொள்ளலாம்.

ரம்பம் நேராக நிற்கிறதா?

மேஜைமேல் நீளவாட்டில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். ரம்பம் அந்தக் காடிக்கு இணையாக நிற்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

ரம்பத்தின் ஒரு பல்லில் பென்சிலால் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டு வந்து, காடியில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ரம்பத்தைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டு போய் மறுபடியும் அளங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் ஒரு தாள் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது.

அதே பல்லை ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ரம்பத் தகடு கொஞ்சம் நெளிந்திருக்கலாம். முன்னால் ஒரு பல்லையும் பின்னால் வேறு பல்லையும் அளந்தால், நெளிவையும் கோணலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோம்.

வித்தியாசம் இருந்தால் மேஜையின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் லேசாக இறுக்கமாக வைத்து, மேஜையை மரக்கட்டையால் மெல்லத் தட்டி நகர்த்துங்கள். பிறகு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க மறக்காதீர்கள். இறுக்கும்போதே மேஜை நகர்ந்துவிடும்!

அடுத்தது, மரம் சாய்ந்து செல்லும் கைடு சட்டம். இதுவும் அதே காடிக்கு இணையாக இருக்க வேண்டும். சட்டத்தின் பின்முனை ஒரு தாள் தடிமன் ரம்பத்தை விட்டு விலகி இருந்தால் பாதகம் இல்லை. ஆனால் ரம்பத்தை நோக்கி ஒருபோதும் நெருங்கக் கூடாது!

இந்த ஒரு வரியில்தான் உயிரே இருக்கிறது. ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. மரத்தை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. சட்டம் பின்னால் நெருங்கினால், மரம் சட்டத்துக்கும் பற்களுக்கும் நடுவே நசுங்கும். பின்பற்கள் அதைத் தூக்கி, உங்கள் பக்கமே வீசி எறியும்.

எவ்வளவு வேகத்தில்? 10 அங்குல ரம்பம் 2,880 சுற்றில் சுழலும்போது பல்லின் வேகம் மணிக்கு 138 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் பறக்கும் காரைவிட அதிகம். மரத்தைப் பிடித்திருந்த கையும் அந்த மரத்தோடு ரம்பத்தின் மேல் இழுபடும்.

இதைத் தடுக்க ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு வைப்பார்கள். வெட்டிய மரம் மறுபடி சேர்ந்து ரம்பத்தைக் கவ்வாமல் அது பார்த்துக்கொள்ளும். தகடு ரம்பத்தோடு ஒரே கோட்டில், பற்களுக்குச் சில மில்லிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். இடைஞ்சல் என்று கழற்றி எறிகிறவர்கள் அநேகம். கழற்றாதீர்கள்!

கடைசியாக, ரம்பம் மேஜைக்குச் செங்குத்தாக இருக்கிறதா? ஒரு கட்டையைக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டிய முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் சரி. தெரிந்தால், தெரிகிற இடைவெளியில் பாதியைச் சரி செய்யுங்கள்.

துளையும் இழைப்பும்

நிமிர்ந்த துளை இயந்திரத்தின் மேஜையைச் சோதிக்க ஒரு துண்டுக் கம்பியே போதும். கம்பியை வளைத்து, ஒரு நுனியைச் சக்கில் மாட்டுங்கள். மறுநுனி மேஜையை லேசாகத் தொடட்டும். சக்கைக் கையால் சுற்றுங்கள். சுற்றி வரும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உரசினால் மேஜை மட்டம். ஒரு பக்கம் அழுந்தி, ஒரு பக்கம் அந்தரத்தில் நின்றால் மேஜை சாய்ந்திருக்கிறது.

இழைப்பு இயந்திரத்தில் இரண்டு மேஜைகள் உண்டு. மரம் உள்ளே போகும் மேஜை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எவ்வளவு தாழ்வோ அவ்வளவு சீவும். மரம் வெளியேறும் மேஜை பிளேடுகளின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசியில் குழி விழும். உயர்ந்திருந்தால் பலகை அதன் முனையில் முட்டும். அல்லது பலகை நேராக வராமல் சரிந்து வரும்.

சோதனை இதுதான். நேரான ஒரு கட்டையை வெளியேறும் மேஜையில் வைத்து, பிளேடுக்கு மேலே நீட்டுங்கள். உருளையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளேடு கட்டையைத் தொட்டு ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர் அளவு, இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். எல்லாப் பிளேடுகளிலும், இரு ஓரங்களிலும், நடுவிலும் இதே அளவு நகர வேண்டும். ஒரு பிளேடு மட்டும் அதிகம் இழுத்தால், அந்த ஒன்றுதான் உழைக்கிறது. மற்றவை உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்று அர்த்தம்!

கடைசல் இணைப்பு இருந்தால் இரண்டு முனைகளையும் அருகில் கொண்டு வாருங்கள். ஊசியும் ஊசியும் முத்தமிட வேண்டும். உப்புத்தாள் தட்டில் வேலை செய்யும்போது, தட்டு கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் மட்டும் மரத்தைப் பிடியுங்கள். மேல்நோக்கி ஏறும் பக்கம் மரத்தைத் தூக்கிவிடும்.

மரமும் மழையும்

நம் பக்கத்தில் கிடைக்கும் மரங்களுக்குத் தனித்தனிக் குணம் உண்டு. தேக்கில் மணல் சத்து இருக்கிறது. சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். கார்பைடு முனை வைத்த ரம்பம்தான் தாங்கும். வேம்பின் ரேகை பின்னிக் கிடக்கும். மெல்லியதாகத்தான் இழைக்க வேண்டும். மாமரம் மலிவு. ஆனால் நன்றாகக் காயாத மாமரம் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிய பிறகு முறுக்கும். ஈர மரம் ரம்பத்தைக் கவ்வும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பு மேஜையில் ஒரே இரவில் துரு பூக்கும். துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மெழுகு பூசித் துணியால் துடையுங்கள். மரமும் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, இயந்திரத்தை இடம் மாற்றினால் ஒருமுறை, கருவியைக் கழற்றி மாட்டினால் ஒருமுறை மட்டம் பாருங்கள்.

மரத்தூளைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மூக்கை மூடும் நல்ல முகமூடி அணியுங்கள். தூளைக் கூட்டாமல், உறிஞ்சும் கருவியால் எடுங்கள்.

விரல் பத்திரம்!

வேட்டி நுனி, தோள் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கைக்கயிறு, மோதிரம் ஒன்றும் வேண்டாம். புடவையில் வேலை செய்கிறவர்கள் தலைப்பை இழுத்துச் செருகி, முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கையுறை போட்டால் பத்திரம் என்று நினைப்பது தவறு; சுழலும் கருவி உறையோடு கையையும் இழுத்துவிடும். கண்ணாடி அணியுங்கள். ரம்பத்துக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

தோல் பட்டவுடன் ரம்பத்தைக் கண் இமைக்கும் முன் நிறுத்திவிடும் இயந்திரத்தை அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ல் கண்டுபிடித்தார். நம் சிறு பட்டறைகளில் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. நமக்கு நம் கண்தான் காவல்.

அப்படியும் விபத்து நேர்ந்தால் பதற வேண்டாம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக் கூடாது. உடனே 108-க்குத் தகவல் சொல்லுங்கள்.

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி அதை வளர்த்து நாடெங்கும் பெயர் பெறச் செய்தார். 2018-ல் இரு கைகளையும் இழந்த ஓர் இளைஞருக்கு அங்கே வேறொருவர் கைகளைப் பொருத்தினார்கள். வைத்தியம் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் பிறக்கும்போது கூட வந்த விரலுக்கு ஈடு உண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

ஒரு மூலைமட்டம், ஒரு முழம் நூல், ஒரு துண்டுக் கம்பி, நான்கு தாள் காகிதம். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளுக்கும் இவை தாராளம். செலவு அநேகமாக ஒன்றும் இல்லை. ஒரு காலை நேரம் போதும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். தரை, பெல்ட், ரம்பம், சட்டம், பிறகு மற்றவை என்று வரிசை தவறாமல் போங்கள். பார்த்த தேதியையும் அளவையும் சுவரில் சாக்குக் கட்டியால் எழுதி வையுங்கள். அடுத்த முறை எது நகர்ந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்றார்கள் பெரியவர்கள். முதல் வெட்டு நேராக விழுந்தால், மேஜையும் நிற்கும்; நடைவண்டியும் ஓடும்; பத்து விரலும் பத்தாகவே இருக்கும்!